திருப்பத்தில் வைத்த கட்டில்

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் செத்து ஆறு வருஷம் ஆகிறது. நான்கு மாடி, மாடிக்கு இரண்டு வீடு. ஒரு பழைய பீரோவைக் கீழே இறக்கிக் குப்பை வண்டியில் ஏற்ற வேண்டுமென்றால் நான்கு ஆள் வேண்டும். அந்த நான்கு பேருக்கும் இடுப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். அப்படி நான்கு இடுப்புகள் எங்கள் கட்டடத்தில் கிடையாது. அதனால் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில், படிக்கட்டு திரும்புகிற இடத்தில், பெரிய ஜன்னலுக்குக் கீழே எல்லாரும் வேண்டாத சாமான்களை வைக்க ஆரம்பித்தார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது மாடியின் ஸ்டூல் மூன்றாவது மாடிக்கு ஏறும், நான்காவது மாடியின் மின்விசிறி இரண்டாவது மாடிக்கு இறங்கும். எதுவும் கட்டடத்தை விட்டு வெளியே போனதாக எனக்கு நினைவில்லை.

அங்கே விதிகளை எழுதி ஒட்டியது நான்தான். ஒரு மிக்ஸி ஜாடிக்காக இரண்டு குடும்பம் மூன்று மாதம் முகம் பார்க்காமல் படியேறியதுதான் காரணம். நம் வீட்டில் தூங்கிக் கிடந்த சாமான் அடுத்தவர் வீட்டில் எழுந்து வேலை செய்வதைப் பார்த்தால் யாருக்குமே வயிறு எரியும். ஆகவே ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். ஒன்று, வைத்தது வைத்ததுதான். இரண்டு, எடுத்தது எடுத்ததுதான். மூன்று, யார் வைத்தது, யார் எடுத்தது என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

நல்ல விதிகள். ஒரே ஒரு தடவைதான் சங்கடம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு இரண்டாவது மாடி டீச்சர் வீட்டில் பெயின்ட் அடித்தார்கள். டீச்சருடைய பையன் பெரிய புத்திசாலி; அம்மாவின் கால் தையல் மெஷினில் பெயின்ட் சிந்திவிடக் கூடாதே என்று அதை நாலு மணி நேரத்துக்குத் திருப்பத்தில் கொண்டுவந்து வைத்தான். சாயங்காலம் மெஷின் இல்லை. டீச்சர் ஏறிவந்து என் கதவைத் தட்டினார். நான் அட்டையைக் காட்டி, "விதின்னா விதிதானே டீச்சர்" என்றேன். முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவரிடம் விதியைப் பற்றிப் பேசும் தைரியம் எனக்கு எப்படி வந்ததோ. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அன்றிலிருந்து என்னிடம் அவர் பேசுவது தண்ணீர் வந்ததா, வரவில்லையா என்பது மட்டும்தான்.

மெஷின் எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? மூன்றாவது விதியை இன்னொரு தடவை படியுங்கள்.

இது நடந்தது ஒரு சனிக்கிழமை. எனக்கு அன்று விடுமுறை. நான் பல் செட் செய்கிறவள். டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். நான் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் ஈறு வைத்து, பல் அடுக்குவேன். எங்கள் கட்டடத்தில் யாருடைய சிரிப்பு சொந்தச் சிரிப்பு, யாருடையது என் கைவேலை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ரகசியம் காப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

பத்தரை மணிக்குக் கடைக்குப் போய்விட்டு ஏறி வந்தால் திருப்பத்தில் புதையலே கிடந்தது. சுவரில் சாய்த்த ஒரு மெத்தை, இரண்டு நீள இரும்புக் குழாய், வரிசையாகப் பலகை அடித்த ஒரு பெரிய தட்டு, போல்ட்டும் நட்டுமாக ஒரு பை. அப்புறம் அந்த மஞ்சள் கம்பி ஃபிரேம். இரண்டு கால், குறுக்கே கம்பிகள், மேலே நீளமாக இரண்டு கழுத்து ஒன்றையொன்று பார்த்து வளைந்திருந்தன. உச்சியில் சின்னச் சின்னக் கொம்பு. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, துணி காயப்போடுகிற ஸ்டாண்டு. யோசிக்கிறவர்களுக்கு எங்கள் திருப்பத்தில் எதுவும் கிடைக்காது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

"இது என்ன, வாத்தா?" என்றார் என் வீட்டுக்காரர், சோபாவில் இருந்தபடியே.

"துணி ஸ்டாண்டு."

"ஸ்டாண்டுக்கு எதுக்குக் கண்ணு?"

"கண்ணு இல்ல, நட்டு. வாயை மூடிட்டு அந்தக் கிழிஞ்ச பனியனை எடுங்க."

பால்கனித் தரை கீறிவிடக் கூடாதென்று பனியனை இரண்டாகக் கிழித்து ஸ்டாண்டின் இரண்டு காலிலும் இறுக்கிக் கட்டினேன். பத்து நிமிஷத்தில் துவைத்த துணி முழுக்க அதில் தொங்கியது. ஒரு கொம்பில் அவருடைய லுங்கி, இன்னொன்றில் என் பாவாடை. இப்படி ஒரு சாமானை யார் வேண்டாமென்று வைத்தார்களோ, மகராசராக இருக்கட்டும் என்று வாழ்த்தினேன்.

பதினொன்றேகால் மணிக்குப் படிக்கட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. "யாராவது இருக்கீங்களா? இங்க வச்ச சாமானெல்லாம் எங்க?"

இறங்கிப் போனேன். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர். முன்கை முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் தீப்பொறி சுட்ட தழும்பு. வெல்டர் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. பின்னால் சுமை தூக்க வந்த இரண்டு பேர், தங்களுக்கும் உலகத்துக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாலாவது மாடிக்குக் குடிவர்றேங்க," என்றார். "வீட்டுக்காரர் சாவி கொண்டுவர லேட்டாச்சு. அதான் இங்க வச்சிட்டு டீ குடிக்கப் போனோம். முக்கா மணி நேரம்தான். ஒரு ஆணி கூட மிச்சமில்ல!"

அப்போதுதான் அவர் கண்ணில் அட்டை பட்டது. அவ்வளவு நேரம் அதை மறைத்துக்கொண்டிருந்தது அவருடைய மெத்தைதான். மூன்று விதிகளையும் சத்தமாகப் படித்தார். கடைசி விதி முடியும்போது குரல் இறங்கிவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"விதின்னா விதி" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"அக்கா, இன்னைக்கு நாலு மணிக்கு என் பொண்ணு வர்றா. ஏழு வயசு. நானும் அவங்கம்மாவும் பிரிஞ்சு எட்டு மாசமாச்சு. ரூமைப் பார்த்துட்டு சரின்னு பட்டா, சனிக்கிழமை சனிக்கிழமை என்கூடத் தங்க விடறேன்னு சொல்லியிருக்காங்க. தரையில துணி விரிச்சுப் படுக்க வைக்கிற மாதிரி இருந்தா அப்பவே கூட்டிட்டுப் போயிடுவேன்னுட்டாங்க. அதுக்குத்தான் பத்து நாளா வேலை முடிஞ்சு வந்து நானே கட்டில் செஞ்சேன். ஒட்டகச்சிவிங்கி வேணும்னு கேட்டா. தலைமாட்டுல ரெண்டு ஒட்டகச்சிவிங்கி வளைச்சு வச்சேன். மஞ்சள் கலர்ல."

மாடியில் அந்த ஒட்டகச்சிவிங்கியின் கொம்பில் லுங்கி காய்ந்துகொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சுடலாம் தம்பி," என்றேன். இதுவும் ஒரு பதில்தானே. மேலே ஓடி, துணியை அள்ளிச் சோபாவில் வீட்டுக்காரர் மேலேயே போட்டு, ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். "இதோ, ஒண்ணு கிடைச்சுடுச்சு!" எங்கே கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. பாவம், ஈரமாக இருக்கிறதே என்று மட்டும் தடவிப் பார்த்தார்.

முதலாவது மாடியில் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா. அவள் வீட்டு ஜன்னலில் கட்டிலின் பக்கக் குழாய் ஒன்று ஏற்கெனவே திரைச்சீலையோடு மாட்டியாகிவிட்டது. இன்னொன்றைப் பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன.

"மூணாவது விதி என்னக்கா ஆச்சு?" என்றாள்.

"அதுக்கு இன்னைக்கு லீவு."

"லீவுன்னு காலையிலயே சொல்லக் கூடாதா? ஜன்னலை விட நீளமா இருந்துச்சுன்னு ஒரு ஜாண் வெட்டிட்டாரே எங்க வீட்டுக்காரர்."

வெல்டர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று மூச்சு விட்டார். "வெட்டின துண்டு இருக்கா?" என்று கேட்டார். இருந்தது, அதை வைத்துத்தான் கதவு சாத்தாமல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். எங்கள் கட்டடத்தை விட்டு எதுவும் வெளியே போகாது என்று சொன்னேன் அல்லவா. அவர் குழாயையும் துண்டையும் எடுத்துக்கொண்டு, வண்டியிலிருந்து வெல்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு, மொட்டை மாடிக்கு ஏறினார். சுமை தூக்க வந்தவர்களைக் கூட வந்து குழாயைப் பிடிக்கச் சொன்னார். அவர்கள் முதல் தடவையாகக் கூரையை விட்டுக் கண்ணை எடுத்தார்கள்.

மெத்தை, டீச்சருக்கு எதிர்வீட்டுத் தபால்காரரிடம் இருந்தது. ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம் ஆனவர். கதவு திறந்தே கிடந்தது. குழந்தை மெத்தையில் காலை மடக்கிக்கொண்டு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டம்ளரில் நான் செய்த பல் செட்.

"சார், மெத்தையிலேர்ந்து எழுந்திருங்க."

"ஏன்? எடுத்தது எடுத்ததுதானே?" என்றார். பல் இல்லாத வாயில் அந்த விதி வெறும் காற்றாகத்தான் வந்தது. டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். உடனே எழுந்துவிட்டார். ஆனால் மெத்தை உறை ஒரு பக்கம் முழுக்க அறுபட்டிருந்தது.

"உள்ள பஞ்சா ஃபோமான்னு பார்க்க வேண்டாமா?" என்றார் தபால்காரர், நியாயம்போல.

போல்ட் பையும் அவரிடம்தான் இருந்தது. பையாக இல்லை. முப்பத்தெட்டு வருஷம் கடிதம் பிரித்த கை அது. எது கிடைத்தாலும் பிரித்துவிடும். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மரப் பொந்துகள். அதில் ஆணி, திருகு, போல்ட், நட்டு, வாஷர் என்று ஊரில் உள்ள இரும்பெல்லாம் அளவு வாரியாகக் குடியிருந்தது. நம்முடைய எட்டு போல்ட்டும் அந்தக் கூட்டத்தில் கலந்துபோய்விட்டன. "அவசரப்படாதேம்மா, எல்லாம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும்" என்று ஒவ்வொரு பொந்தாக ஆரம்பித்தார். ஏழு எடுப்பதற்குள் மணி இரண்டு.

மிச்சம் இருந்தது பலகைத் தட்டு. அது டீச்சர் வீட்டு பால்கனியில், நாலு செங்கல் மேல், பதினான்கு பூந்தொட்டிகளைச் சுமந்துகொண்டு இருந்தது. நான் திருப்பத்து ஜன்னலிலிருந்தே எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் கதவைத் தட்டினேன். வெல்டரும் வெந்த குழாய் வாசனையோடு பின்னால் வந்து நின்றார்.

டீச்சர் அவர் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தர்றேன். அதுக்கு முன்னாடி இவங்க எனக்கு ஒரு பதில் சொல்லணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் மெஷினை யார் எடுத்தாங்க?"

"டீச்சர், அது வந்து, மூணாவது விதி..."

"அதுக்கு இன்னைக்கு லீவுன்னு கீழ யாரோ சொன்ன மாதிரி காதுல விழுந்துச்சே."

முகத்தில் ஈயாடவில்லை என்பார்களே, அன்றுதான் அது எனக்குப் புரிந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பல்லை வரிசையாக அடுக்கத் தெரிந்த எனக்குப் பொய்யை அடுக்கவா வராது? போன வருஷம் காலி செய்துகொண்டு போன குடும்பத்தின் தலையில் கட்டியிருக்கலாம். அவர்களும் அதற்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் வெல்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தக் கை பின்னால் போனதை என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் டீச்சர்," என்றேன். "அன்னைக்கு நீங்க கதவைத் தட்டினப்போ மெஷின் கதவுக்குப் பின்னாடிதான் இருந்துச்சு. இப்பவும் என் வீட்லதான் இருக்கு."

"தெரியும்," என்றார் டீச்சர்.

நான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

"என் மெஷின் சத்தம் எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை மூணு மணியானா என் தலைக்கு மேலதான் ஓடுது. நடுவுல ஒரு மாசம் டக்கு டக்குன்னு இடிச்சுது. அப்புறம் நின்னுடுச்சு. வார் மாத்தினியா?"

"மாத்தினேன்."

"நினைச்சேன்."

"தெரிஞ்சும் ஏன் டீச்சர் கேக்கல?"

"கேக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கியே," என்றார்.

பளாரென்று அறைந்திருந்தால் தேவலை. இரண்டு வருஷம், வாரம் தவறாமல், அவர் கீழே உட்கார்ந்து தன்னுடைய மெஷின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் மேலே உட்கார்ந்து ஊரார் திரைச்சீலைக்கெல்லாம் ஓரம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். படிக்கட்டு வழியாக வழிந்து குப்பை வண்டியில் ஏறிவிடலாமா என்றிருந்தது.

"இன்னைக்கே இறக்கிக் கொடுத்துடறேன் டீச்சர்."

"அது நாளைக்கு ஆகட்டும். தம்பி, தொட்டியை ஒவ்வொண்ணா எடுத்து வச்சிட்டுப் பலகையைத் தூக்கிக்கோ. ஏய், அந்த மெத்தை உறை கிழிஞ்சிருக்குன்னு சொன்னாங்களே, எங்க அது?"

டீச்சர் உறையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஏறி வந்தார். வாசலில் நின்று, ஜன்னலோரம் இருந்த மெஷினைப் பார்த்தார். ஒரு விரலால் சக்கரத்தைத் தொட்டார். என் வீட்டுக்காரர் துணிக்குவியலுக்கு அடியிலிருந்து எழுந்து, "வாங்க டீச்சர்" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியை மடிக்க ஆரம்பித்தார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் துணி மடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டீச்சர் உட்கார்ந்தார். கால் வைத்தார். நான் மெஷினை மிதித்தால் அது வேலை செய்யும், அவ்வளவுதான். அவர் மிதித்தபோது அது சந்தோஷமாக ஓடியதுபோல் எனக்குத் தோன்றியது. கால் மணி நேரத்தில் உறை தைத்து முடிந்தது. "எண்ணெயெல்லாம் ஒழுங்காத்தான் போட்டிருக்கே," என்றார். இரண்டு வருஷத்தில் தண்ணீரைப் பற்றி அல்லாமல் அவர் என்னிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நூலைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

நாலாவது மாடியில் மூன்றரைக்குக் கட்டிலைப் பூட்ட ஆரம்பித்தார்கள். ஒட்டுப்போட்ட குழாய் இன்னும் சூடாகவே இருந்தது. இரட்டையர் அம்மா குழாயைக் கொடுத்ததோடு நில்லாமல் திரைச்சீலையையும் கொண்டுவந்து மாட்டினாள். டீச்சர் இரண்டு பூந்தொட்டி கொடுத்தனுப்பினார். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தபால்காரர் மூச்சு வாங்க ஏறிவந்து எட்டாவது போல்ட்டை வெல்டர் கையில் வைத்தார். "கையெழுத்து வேண்டாம்," என்றார்.

நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். குழந்தையின் அம்மா மெலிந்து, நிமிர்ந்து, தோளில் பையோடு இருந்தாள். குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாங்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தோம். ஏன் இருக்கிறோம் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் கையில் வைத்திருந்தோம். தபால்காரர் மட்டும் காரணம் ஏதும் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவள் நேரே உள்ளே வந்தாள். ஜன்னலைத் திறந்து மூடினாள். மெத்தையை அழுத்திப் பார்த்தாள். கட்டிலைப் பிடித்து ஆட்டினாள், அது ஆடவில்லை. வெல்டர் சுவரோரம் நின்று தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை மெதுவாகச் சேலையை விட்டுவிட்டுத் தலைமாட்டுக்குப் போனது. மஞ்சள் கழுத்தைத் தடவியது. கொம்பைத் தொட்டது.

"டைனோசர்!" என்றது.

"ஆமாடா தங்கம்," என்றார் வெல்டர் ஒரு நொடிகூட யோசிக்காமல். "டைனோசர்தான்."

குழந்தையின் அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். எந்த அம்மாவும் அங்கேதான் பார்ப்பாள். கை நீட்டிக் காலிலிருந்து ஒன்றை அவிழ்த்து எடுத்தாள். அவிழ்க்க மறந்துபோன கிழிந்த பனியன், பாதி. அழுக்கு முனையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

"இது யாருது?"

வெல்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் அந்தக் கேள்விக்கு யாருக்கும் பதில் சொல்லிப் பழக்கமில்லை. இரட்டையர் அம்மா தரையைப் பார்த்தாள். தபால்காரர் உதட்டை மூடிக்கொண்டார். டீச்சர் என்னைப் பார்த்தார்.

"என்னுதுங்க," என்றேன். இரண்டாவது தடவை என்பதால் அவ்வளவு கஷ்டமாக இல்லை. "அதாவது, எங்க வீட்டுக்காரர் பனியன். நான்தான் கட்டினேன். காலையில இந்தக் கட்டிலைத் திருப்பத்துல வச்சிருந்தாரு. நாங்கதான் ஆளுக்கொரு பக்கம் தூக்கிட்டுப் போயிட்டோம். தலைமாட்டுல நான் துணி காயப்போட்டேன். இவ குழாயை வெட்டித் திரை மாட்டினா. சார் மெத்தையில படுத்துத் தூங்கினாரு. டீச்சர் பூந்தொட்டி அடுக்கினாங்க. இவரு மேல எந்தத் தப்பும் இல்ல. பத்து நாளா வேலை முடிஞ்சு வந்து உக்காந்து செஞ்ச கட்டிலுங்க இது. இன்னைக்குப் பூரா ஒவ்வொரு வீடா ஏறி இறங்கி மறுபடியும் சேர்த்தாரு. எங்களை ஒரு வார்த்தை திட்டலை."

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஜன்னல் திரையைப் பார்த்தாள். பூந்தொட்டியைப் பார்த்தாள். தைத்த உறையில் புதுத் தையல் போட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். குழந்தை அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் ஏறி டைனோசரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

பையைத் தோளிலிருந்து இறக்கி வெல்டர் கையில் கொடுத்தாள். "மாத்துத் துணி இருக்கு. பல் தேய்க்கலைன்னா விடாதீங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். பனியனை என் கையில் கொடுத்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. சொந்தப் பல், அழகான வரிசை.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன்," என்றாள். "இவளைக் கொஞ்ச நேரம்கூட அந்தத் திருப்பத்துல உக்கார வச்சிடாதீங்க."